வாசகர் கேள்விகள்: பலாமரத்தடி பென்ஸ்

பர்லியார் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பலாமரத்தடியில் 14 வருஷம் நின்றுபோன 1982 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 240டி காரை, கோவை கணபதியில் என் வீட்டு போர்டிகோவிலேயே வைத்துச் சரிசெய்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் பெயிண்ட் பற்றிய கேள்விகள். அதற்குக் கடைசியில் வருகிறேன். வண்டியிலும் அது கடைசி வேலைதான்.

பொள்ளாச்சி வாசகர்: எங்கள் பெரியப்பா வாங்கிய 240டி, தோப்பு வீட்டு ஷெட்டில் 18 வருஷமாக நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாவி போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். பேட்டரியைத் திண்ணையில் வைத்துவிட்டு, முதலில் ஒரு தடியால் வண்டிக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளும் தட்டிப் பாருங்கள். தோப்பில் நின்ற வண்டியில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து உள்ளே கூடு இருந்தால் எடுங்கள். என் வண்டியில் அந்த டப்பா நிறைய பலாச்சருகும் கிழிந்த சீட் துணியும் இருந்தன. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் போயிருக்கும்.

அடுத்து, ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் இரண்டு மூடி எண்ணெய் விட்டு நாலைந்து நாள் அப்படியே விடுங்கள். நான் டீசலையும் கியர் பாக்ஸுக்கான ஏ.டி.எஃப். எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலந்து விட்டேன். பிறகு ரேடியேட்டருக்குப் பின்னால் கீழே தெரியும் கிராங்க் புல்லி போல்ட்டில் 27 நம்பர் சாக்கெட் போட்டு, வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் கையாலேயே சுற்றுங்கள். நகராவிட்டால் பலம் போடாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் பிடித்திருந்தது. ஒன்பது நாள் காலையும் மாலையும் சாக்கெட்டைப் போட்டு லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவேன். பத்தாம் நாள் காலை சின்னதாக ஒரு 'டக்'. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என் கை மறக்கவில்லை.

இரண்டு முழுச் சுற்று வந்ததும் துளைகளின் மேல் துணியைப் போட்டு மீண்டும் சுற்றுங்கள், மிச்ச எண்ணெய் வெளியே வரட்டும். இதை விட்டுவிடக் கூடாது. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 21-க்கு 1. பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் மிகக் குறைவு. அந்த இடத்தில் எண்ணெய் தேங்கி நிற்கும்போது ஸ்டார்ட்டரை அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அப்புறம் டேங்க். இந்த மாடலில் டேங்க் பின் சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடியில் ஒரு வலை ஃபில்டர் உண்டு, அதைக் கழற்ற 46 நம்பர் சாக்கெட் வேண்டும். கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. பீளமேட்டில் தெரிந்த லேத்தில் ஒரு துண்டு இரும்பைக் கொடுத்துச் செய்து வாங்கினேன். வலையை எடுத்தபோது கறுப்பு அல்வா மாதிரி ஒரு கசடு, அதில் வார்னிஷ் நாற்றம். 32 வருஷம் டீசல் பம்ப் பெஞ்சில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கசடு பம்புக்குள் போனால் பம்பின் எலிமென்ட்டும் டீசலைப் பீச்சும் நாசிலும் போய்விடும். பழைய டீசலை முழுக்க இறக்குங்கள். டேங்கைக் கழுவி, சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர், பெரிய ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் வாங்கிய பேட்டரிக்கு வேலை.

கரூர் வாசகர்: ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாவற்றையும் ஜெர்மனியிலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா?

எஞ்சினுக்கு வேண்டாம். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிற்கும் பழைய டெம்போ டிராவலரைப் பாருங்கள். 240டி காரில் இருப்பது ஓ.எம். 616 என்ற நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதை லைசென்ஸ் வாங்கி நம் நாட்டிலேயே செய்தார்கள் பஜாஜ் டெம்போ கம்பெனியார், இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ். டிராக்ஸ், டிராவலர் வண்டிகளில் எல்லாம் அந்த வம்சம்தான் ஓடியது. கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிப்போன வேனுக்கும் ஜெர்மன் டாக்சிக்கும் ஒரே எஞ்சின்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 1978-க்கு முந்திய 240டி-யின் சிலிண்டர் போர், அதாவது உள்விட்டம், 91 மில்லிமீட்டர், 2,404 சிசி. பிந்தியதில் 90.9 மில்லிமீட்டர், 2,399 சிசி. பிஸ்டன் ரிங் செட் வாங்கும்போது இந்த 0.1 மில்லிமீட்டர்தான் பார்க்க வேண்டியது. பழைய பாகத்தைக் கழுவிக் கையோடு கொண்டு போங்கள், வெர்னியரும் எடுத்துப் போங்கள். உக்கடத்தில் நான் ரிங், ஹெட் கேஸ்கெட், ஹீட்டர் பிளக் எல்லாவற்றையும் அப்படி அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். சம்ப், மேனிஃபோல்டு போன்ற வெளிச் சாமான்கள் வேனுக்கு வேறு, காருக்கு வேறு.

கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், விளக்குக் கண்ணாடி ஆகியவைதான் ஜெர்மனிச் சாமான்கள். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஃபெல்பாக் என்ற ஊரில் மெர்சிடிஸ் கம்பெனியே பழைய வண்டிகளுக்காக ஒரு கிளாசிக் சென்டர் நடத்துகிறது. கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டிகள் செய்யப்பட்ட மாடல் என்பதால் இன்னும் பாகங்கள் வருகின்றன. பாகத்தின் மேலேயே 'ஏ' என்று தொடங்கிப் பத்து இலக்க எண் பொறித்திருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள். விலையோடு கஸ்டம்ஸ் வரியையும் கூரியரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக வரவழைப்பது நல்லது.

திருச்சி வாசகர்: சாவியை அணைத்து வெளியே எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கியரில் போட்டு கிளட்சை விட்டு நிறுத்துகிறேன். எலக்ட்ரீஷியன் இரண்டு முறை வயரிங் பார்த்துவிட்டார்.

வயரிங்கில் தப்பு இருக்காது. எலக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டு ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், மாட்டு வைத்தியர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. டீசல் வருகிற வரை ஓடும். இந்த பென்ஸில் சாவியை அணைத்தால், சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு வால்வு திறந்து, வேக்குவம் பம்ப் இழுக்கும் காற்றுறிஞ்சலை டீசல் பம்புக்கு அனுப்பும். அங்கே டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக்கை இழுத்து டீசலை அடைக்கும். எஞ்சின் நிற்கும். அதே வேக்குவம்தான் கதவுகளின் பூட்டையும் இயக்குகிறது, பிரேக் பூஸ்டருக்கும் போகிறது. ஆகவே எங்கோ ஒரு கதவுப் பூட்டின் டயஃப்ரம் வெடித்திருந்தால், எஞ்சின் நிற்காது.

இப்போதைக்கு கியரில் போட்டு நிறுத்துவதை விடுங்கள். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேலேயே 'ஸ்டாப்' என்று எழுதிய லீவர் இருக்கும், அதை அழுத்தினால் நின்றுவிடும். பிறகு கதவுப் பூட்டுக்குப் போகும் குழாயை மட்டும் பிரித்து அடைத்துவிட்டு சாவியை அணைத்துப் பாருங்கள். உடனே நின்றால் கோளாறு கதவில். நிற்காவிட்டால் டீசல் பம்பின் டயஃப்ரம், சாவி வால்வு, வேக்குவம் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

கதவு என்று தெரிந்தால் அதன் உள்பக்கப் பேடைக் கழற்றி, ஒவ்வொரு பூட்டு டப்பாவின் குழாயிலும் சிரிஞ்சைச் செருகி இழுங்கள். நல்ல டயஃப்ரம் என்றால் சிரிஞ்சின் பிஸ்டனை விட்டதும் அது தானாகத் திரும்பிப் போகப் பார்க்கும், கையில் அந்த இழுப்பு தெரியும். கிழிந்தது என்றால் காற்று மாதிரி சும்மா வரும். எனக்கு இடது பின் கதவில் பிடிபட்டது. டப்பாவைப் பிரித்தபோது, ரப்பரில் நகம் கீறினாற்போல ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். உங்கள் பிரேக்கும் இதே வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னை திருவான்மியூர் வாசகர்: முன் சீட்டுக்குக் கீழே ஃப்ளோர் ஓட்டையாகிவிட்டது. டிங்கர் கடையில் ஃபைபர் ஷீட் வைத்து பட்டி போட்டு அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செலவு கம்மி. செய்யலாமா?

கடல் காற்றில் நிற்கும் வண்டிக்கு இதைச் செய்யவே கூடாது. நீங்கள் உட்காரும் சீட்டின் போல்ட்டும், வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கும் இடமும் அந்தத் தகட்டை நம்பித்தான் இருக்கின்றன.

நானும் இந்த வழியில் ஏமாந்தேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் இருந்த துருவை ஒரு கடையில் கொடுத்தேன். வெள்ளையாக பட்டி இழுத்து, அழகாகத் தேய்த்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை. தீபாவளி கழிந்து பார்த்தால் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. துரு பட்டிக்குப் பின்னால் நிம்மதியாகத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. கொடுத்த 9,000 ரூபாயைவிட அந்த ஒரு வருஷத்தில் போன தகடுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் வடிந்துபோக இரண்டு பக்கமும் வழி உண்டு. இலை சேர்ந்து அது அடைத்துவிட்டால் தண்ணீர் ஹீட்டர் வழியாக உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். கார்ப்பெட் மேலே உலர்ந்திருக்கும், அடியில் மாசக்கணக்கில் ஈரம். முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளையும் பாருங்கள். சன் ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய்களையும். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் எங்கே சொட்டுகிறது என்று பார்த்தாலே போதும்.

தகடு வேலைக்கு: வெள்ளை இரும்பு தெரியும் வரை துருவை வெட்டி எறியுங்கள். அரை விரல் துரு விட்டுவைத்தாலும் அது மீண்டும் கிளம்பும். 20 கேஜ் ஷீட்டை அட்டை மாதிரி வைத்து வெட்டி, வளைத்து, சி.ஓ.டூ வெல்டிங்கில் பிடிக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு நெளியும். ஒரே இழுப்பாக வைக்காமல், இங்கே ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்துக் கடைசியில் முழுக்க இணைக்க வேண்டும். உள்ளே தார்ப் பாய் ஒட்டியிருக்கும், அது தீப்பிடிக்கும். முதலில் சுரண்டி எடுத்துவிட்டு, பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரோடு ஒரு ஆளை நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் பிரைமர், சீலர், பெயிண்ட், அதன் மேல் உட்பள்ளங்களில் மெழுகு. உங்கள் கடைக்காரர் கேட்கும் தொகையைப்போல மூன்று மடங்கு செலவாகும். செய்யுங்கள்.

ஈரோடு வாசகர்: எஞ்சின் அருமையாக ஓடுகிறது. வீதியில் ஒரு ரவுண்டு போகலாம்தானே?

நான்கு சக்கரமும் டிஸ்க் பிரேக். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். நான்கையும் இறக்கி, சீல் மாற்றி, பிரேக் ஆயிலை முழுக்கப் புதிதாக விட்டு, ரப்பர் ஹோஸ் நான்கையும் மாற்றிய பிறகு போங்கள். ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நானும் அப்படி நினைத்து ஒன்றை விட்டுவிட்டேன். மூன்று கிலோமீட்டர் போவதற்குள் முன் இடது சக்கரத்திலிருந்து தீய்ந்த நாற்றம். ஹோஸின் உள்சுவர் ஊதி, போன ஆயிலைத் திரும்ப விடவில்லை. பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. டயரில் கட்டை நன்றாக இருந்தாலும் பத்து வருஷம் தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

மதுரை வாசகி: என் கணவர் மூன்று வருஷமாக ஒரு பழைய ஜெர்மன் காரைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார். போர்டிகோ முழுக்கச் சாமான். இது முடியுமா, எவ்வளவு செலவாகும் என்று அவர் சொல்வதே இல்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. என் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். வண்டி 85,000 ரூபாய்க்கு வந்தது. முடியும்போது 5,60,000 ரூபாய் ஆகியிருந்தது. அதில் தகடும் பெயிண்டும் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. காலம் 26 மாதம், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகள். என் மனைவி முதல் மாதமே ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொன்னதால்தான் இந்தக் கணக்கு என்னிடம் இருக்கிறது.

உங்கள் கணவர் செய்யும் தவறு ஒன்று எனக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துவிட்டார். இந்த வேலை நின்றுபோவது பணம் இல்லாமல் மட்டும் அல்ல, எந்தப் போல்ட் எங்கே இருந்தது என்பது மறந்துபோவதாலும்தான். இந்த வாரம் இருவரும் உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். கிடக்கும் சாமானை எல்லாம் பிரேக், கதவு, டேஷ்போர்டு என்று பிரித்து ஜிப் கவரில் போட்டு, மேலே எழுதி, அரிசி மூட்டை அளவு பெட்டிகளில் அடுக்குங்கள். போர்டிகோவில் பாதி இடம் அன்றே திரும்பக் கிடைக்கும். அதன் பிறகு ஒரு பகுதியைப் பூட்டி முடிக்காமல் அடுத்ததைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் நான்கு சக்கரத்தில் உருளட்டும். உருளுகிற வண்டியைத் தள்ளி வைக்கலாம், மழைக்கு மறைக்கலாம், மனசு மாறினால் விற்கவும் செய்யலாம். பிரித்துக் கிடக்கும் வண்டிக்குப் பழைய இரும்பு விலைதான்.

சேலம் வாசகர்: 72 குதிரைசக்தி எஞ்சின் இந்தக் காலத்துக்குப் போதாது. புது டீசல் எஞ்சின் மாற்றி வைக்கலாமா? ஆர்.சி. புதுப்பிப்பதிலும் சிக்கல் வருமா?

மெதுவாகத்தான் போகும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் என்னை மினி பஸ் முந்துகிறது. ஆனால் எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதியலாம், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. இந்த மாடல் 1976-இல் வந்தது. நம் வண்டிகளுக்கு அந்தக் காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது எஞ்சினைத் தூக்கினால் அந்த வாசலை நீங்களே அடைத்ததாகும்.

ஆர்.சி. விஷயத்தில் செலவு உண்டு. முதல் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பென்ஸ் கார் இந்தியாவில் தயாராகத் தொடங்கியது 1995-இல்தான் என்பதால், நம் வண்டிகள் எல்லாம் இறக்குமதிக் கணக்கு. 2022 ஏப்ரலில் அவற்றின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 40,000 ரூபாய் ஆனது, 2025 ஆகஸ்ட்டில் 20 வருஷம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு 80,000 ஆகிவிட்டது. வண்டியை வாங்கும் முன்பே ஆர்.சி. யார் பெயரில், எந்தத் தேதி வரை என்று பாருங்கள். என் வண்டியில் நம்பரைத் தவிர எல்லாமே அழிந்த ஒரு பழைய புத்தகத்தோடு நான்கு மாதம் அலைந்தேன்.

திண்டுக்கல் வாசகர்: எஞ்சினில் தையல் மிஷின் சத்தம். டீசல் என்றால் அப்படித்தான் என்கிறார் மெக்கானிக்.

வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி, எப்போது பார்த்தீர்கள்? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். வளைந்த 14 நம்பர் ஸ்பேனர் இரண்டு வேண்டும். சத்தம் கேட்கும் வால்வைவிட, சத்தமே இல்லாமல் இறுகிப்போன வால்வுதான் ஆபத்து, அது எரிந்துபோகும். கவர் திறந்திருக்கும்போதே டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தஞ்சாவூர், நாகர்கோவில், மேட்டுப்பாளையம், இன்னும் பல வாசகர்கள்: என்ன கலர் அடித்தீர்கள்? கறுப்பா? மெட்டாலிக்கா?

பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் குறுக்குத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். ஒரு சின்னப் பட்டையில் அந்த வண்டிக்குக் கம்பெனி அடித்த பெயிண்டின் எண் இருக்கும். என் வண்டியில் 623 என்று வந்தது. லேசான தந்த நிறம். 1971 முதல் ஜெர்மனியில் டாக்சிகள் எல்லாம் அந்தத் தந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். இந்த மாடல் அங்கே தெருவெல்லாம் டாக்சியாக ஓடியது. இதற்கு முந்திய மாடல் 240டி ஒன்று, கிரீஸ் நாட்டில் ஒரு டாக்சிக்காரரிடம் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004-இல் மெர்சிடிஸ் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் கறுப்பு அடிக்கச் சொன்னார்கள். பெயிண்ட் கடைக்காரர்கூட, 'பென்ஸ் என்றால் கறுப்புதான் சார் கெத்து' என்றார். நான் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வெயிலே படாமல் கிடந்த பழைய பெயிண்டைக் காட்டினேன். நுங்கின் தோலை உரித்ததும் உள்ளே தெரியுமே, அந்த மாதிரி ஒரு வெளிறல். கலர் கார்டைக் காலை ஏழு மணி வெளிச்சத்தில் அதன் பக்கத்தில் வைத்து, மூன்று முறை கலக்கச் சொல்லி, அதே நிறத்தைத்தான் வண்டி முழுக்க அடித்தோம். ஸ்டெப்னி பள்ளத்தில் மட்டும் புது பெயிண்ட் படாமல் பேப்பர் ஒட்டிவிட்டேன். அங்கே 1982 அப்படியே இருக்கிறது.